நாலு தபா திருப்பிக் குடுத்த பந்து

என் நிம்மிக்கு,

மதியானம் மூணு நாப்பத்தேழு. நா அப்ப போர்ட்டுல, க்ரேன் மேல, பேனலத் தொறந்து ஒயர் பாத்துகினு இருந்தேன். ரெண்டு தபா போன் அடிச்சுது, எடுக்கல. மூணாவது தபா எடுத்தேன். "இது யாருங்க? 'யோவ்'னு பேரு போட்டுக்கீது"ன்னு ஒருத்தர் கேட்டாரு. உன் போன்ல என்ன அப்டித்தான் வெச்சிருந்தியா? எனுக்கு அன்னிக்கித்தான் தெரியும்.

எர்ணாவூர் கிட்ட, கண்டெய்னர் லாரி, ஸ்கூட்டின்னாரு. இன்னொரு தபா சொல்லுங்கன்னேன். சொன்னாரு. அப்பால நா பேனல மூடி, ஸ்க்ரூ நாலையும் முறுக்கிட்டுத்தான் கீழ எறங்கினேன். ஏன் அப்டி பண்ணேன்? பொண்டாட்டி ரோட்டுல கெடக்குறான்னு ஒருத்தன் சொல்றான், நா ஸ்க்ரூ முறுக்கிகினு கீறேன்.

அதுலேர்ந்து எனுக்கு அழுவ வர்லமே. உங்கம்மா என் தோள புடிச்சி உலுக்கினாங்க, "அழுதுடுப்பா"ன்னாங்க. வர்ல. வேற ஒண்ணு வந்துச்சு. அதப் பத்தி எழுதத்தான் குந்தினேன்.

உனுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா நாளைக்கி வேற யாராவது இத படிச்சா, அவங்களுக்கு நீ யாருன்னு தெரியாது. நீ ஒரு காலேஜ் லேடீஸ் பேஸ்கட்பால் டீமுக்கு கோச்சு. காலேஜ் கோர்ட்டு காலைல பசங்க டீமுக்கு, சாயங்காலம் வாக்கிங் போறவங்களுக்கு. நீ கேட்டுப் பாத்த, கெடைக்கல. சரின்னு ஒவ்வொரு சனிக்கெழமையும் ஒரு பொண்ணு படிச்ச ஸ்கூலுக்கு மொத்த டீமையும் இட்டுகினு பூட்ட.

ஒரு வாரம் காசிமேடு, ஒரு வாரம் மாத்தூர், ஒரு வாரம் எண்ணூர், ஒரு வாரம் வண்ணாரப்பேட்டை. அன்னிக்கி அந்தப் பொண்ணுதான் வூட்டுக்காரி. அவதான் கோர்ட்ட பெருக்கணும், அவதான் மத்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கணும், தரைல எந்த எடத்துல பந்து எகிறாதுன்னு அவதான் காட்டணும். காசிமேட்டு ஸ்கூலு வளையத்துல மீன் வலைய வெட்டி கட்டியிருந்தாங்க. மாத்தூர்ல டேங்கர் லாரி போனா போர்டே ஆடும், ஆடி முடியிற வரைக்கும் யாரும் பந்த எறிய மாட்டாங்க. சின்ன கிளாஸ் பொண்ணுங்கல்லாம் செவுத்தோரமா குந்திகினு, நம்ம ஸ்கூல்ல படிச்ச அக்கான்னு காட்டிக் காட்டிப் பேசும்.

நா உனுக்கு ஒரு ஷாட் கிளாக் பண்ணிக் குடுத்தேன். பந்து கைக்கு வந்தா இருபத்தி நாலு செகண்டுக்குள்ள கூடைக்கு எறிஞ்சிடணும், இல்லன்னா அலாரம் அடிக்கும், பந்து எதிர் டீமுக்குப் பூடும். அதுக்கு ஓட்ற கடியாரம். பழைய சர்க்யூட் போர்டுங்கள உருவி மூணு மாசம் ஒக்காந்து பண்ணேன். நீ பாத்துட்டு, "சோக்காதான்யா கீது, மேட்ச்சுக்கு எட்த்துனு போவலாம். பிராக்டீசுக்கு வேணாம்"ன்ன. ஏன்னேன். "இதுங்க ஸ்கூல்ல எங்கய்யா கீது கடியாரம்? வவுத்துக்குள்ளயே ஓடட்டும்"ன்ன.

அப்டியே எண்ண வெச்ச. ஓடிகினே, பந்து தட்டிகினே, மூச்சு வாங்கிகினே இருபத்தி நாலு. ஒரு மாசத்துல என் கடியாரத்தோட வெச்சுப் பாத்தா அர செகண்டு கூட பெசகல. காசிமேட்டு ஷர்மிளா, டீம் கேப்டன், டீக்கடைல போயி "இருபத்தி நாலு தாண்டிருச்சுண்ணே, இனிமே பாய்லர் எங்களுது"ன்னு கடக்காரர கலாய்ச்சதுக்கு நீ வவுறு புடிச்சுகினு சிரிச்ச.

இந்த வருஷம்தான் காலேஜ் டோர்னமென்ட்டுல நம்ம டீமு ஜெயிச்சுகினே போச்சு. யாரும் எதிர்பாக்கல. ரொம்ப வருஷமா கப்ப வூட்டுக்கு எட்த்துனு போயிகினு இருந்த ஒரு காலேஜோட பி.டி. டைரக்டரும் எதிர்பாக்கல. அவன் பேர எழுத மாட்டேன். எப்பவும் கழுத்துல ஒரு விசில் தொங்கும், சோறு தின்னும்போது கூட. பொண்ணுங்க வெச்ச பேரு விசிலு.

ஃபைனலுக்கு மொத நாளு அவன் டோர்னமென்ட் கமிட்டிக்கு ஒரு புகார் பேப்பர் எழுதிக் குடுத்தான். எண்ணூர் கோமதிக்கு வயசு ஜாஸ்தி, பொறந்த தேதி பொய், அவ ஆடின மேட்ச்செல்லாம் செல்லாதுன்னு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவ ஸ்கூல்லேர்ந்து அட்மிஷன் ரெஜிஸ்டர் காப்பி, எச்.எம். சீலோட வந்தாவணும். இல்லன்னா டீமே வெளிய.

நீ ஒரு மணிக்கு எனுக்கு போன் பண்ண. "யோவ், பைக்குல வர்றியா, எண்ணூர் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்." "பேனல் தொறந்துக்கீதுமே, நீயே போயிட்டு வந்துடு"ன்னேன். இத நா மறக்கல. விசிலு மேலயே பழி போட்டுகினு இருந்தா என் பழி கொஞ்சம் பின்னால தள்ளுது, அவ்ளோதான்.

நீ போன, காப்பி வாங்கின, திரும்பி வந்துகினு இருந்த.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அவன் மாலையோட வந்தான். கழுத்துல விசிலு. உன் கால்மாட்டுல நின்னு கண்ணத் தொடச்சிகினான். எனுக்கு அப்ப எதுவும் தோணல. கை குடுத்தான், நானும் குடுத்தேன். அந்தக் கைய இன்னா பண்றதுன்னு இப்ப தெரியலமே.

மூணாம் நாளு கோமதி வூட்டுக்கு வந்தா. உள்ள வர்ல, வாசப்படியிலயே நின்னா.

"அண்ணா, அந்த ஆளுக்கு என் வயசு தெரியும்"ன்னா.

"எப்டி?"

"நா பன்னெண்டாவது படிக்கும்போது எங்க ஸ்கூலுக்கு வந்தாரு. அவரு காலேஜுல சேரச் சொல்லி. எச்.எம். ரூம்ல அந்த ரெஜிஸ்டரத் தொறந்து, என் பேர் கீற பக்கத்த அவரு போன்ல போட்டோ எடுத்தாரு. வயசு சரியா கீதுன்னு அவரே சொன்னாரு. நா நிம்மி மிஸ்ஸாண்டதான் போவேன்னுட்டேன்."

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"சொல்லலண்ணா. பெருமையடிச்சிக்கிற மாதிரி இருக்கும்னு உட்டுட்டேன்."

அப்பதான் வந்துச்சு. பேப்பருக்குப் பதிலா அவன் போன எடுத்துப் பாத்திருந்தா போதும். நீ அந்த ரோட்டுக்கே போயிருக்க வேணாம். அந்த லாரி டிரைவர் மேல எனுக்கு கோவம் இல்லமே. அவன் ரெண்டு நாளு தூங்காதவன், போர்ட்டு கேட்டாண்ட கியூல நிக்கிறவன், நா தெனம் பாக்கற மூஞ்சி. இவன் நல்லா தூங்கி எழுந்து, குளிச்சி, சட்டைக்கு இஸ்திரி போட்டுகினு வந்து எழுதினான்.

உன் பையில இருந்த காப்பிய கமிட்டில ஏத்துகினு, ஃபைனல ரெண்டு வாரம் தள்ளி வெச்சாங்க. கிளாக்கு என்னுது, எனுக்குத்தான் ஓட்டத் தெரியும். "உன்னால முடியுமா தம்பி"ன்னு கமிட்டில கேட்டாங்க. "பாவம், உக்காரட்டும், மனசுக்கு ஆறுதலா இருக்கும்"ன்னு சொன்னது யாரு தெரியுமா? அவன்தான்.

நா ரெண்டு வாரமும் அதுலதான் குந்தினேன். டேபிளுக்கு அடில, கால் முட்டி படற எடத்துல ஒரு சின்ன ஸ்விட்ச் வெச்சேன். அமுக்கினா கடியாரம் லேசா வேகமா ஓடும். போர்டுல இருபத்தி நாலுலேர்ந்து பூஜ்யம் வரைக்கும் ஒழுங்கா எறங்கும், ஆனா நெஜத்துல இருபத்தோரு செகண்டுதான். பாக்கறவன் எவனுக்கும் தெரியாது. நா பண்ண வேலையிலயே சுத்தமான வேல அது.

மொத பாதில அவன் டீமு பந்து எடுக்கறப்பல்லாம் முட்டிய ஒட்டினேன். நாலு தபா அலாரம் அவங்க கையிலயே அடிச்சுது. அந்தப் பொண்ணுங்க போர்ட பாக்குதுங்க, ஒண்ணும் புரியல. இவன் அதுங்களக் கத்தினான். எனுக்கு சந்தோஷமா இருந்துச்சு நிம்மி. நீ போனதுக்கு அப்பால மொத தபா.

பிரேக்குல ஷர்மிளா தண்ணி பாட்டிலோட டேபிளாண்ட வந்தா.

"கிளாக்குக்கு இன்னா ஆச்சுண்ணா?"

"இன்னா ஆச்சு? சோக்கா ஓடுது."

"அவங்களுக்கு இருபத்தொண்ணுல அடிக்குது. எங்களுக்கு மட்டும் இருபத்தி நாலு."

நா ஒயர நோண்டிகினு இருந்தேன்.

"மிஸ்ஸு எங்களுக்கு எண்ணக் கத்துக் குடுத்துக்கீறாங்க. எங்களாண்டயே டபாய்க்கிறியே."

"அவன சும்மா உடச் சொல்றியா?"

"யாரு உடச் சொன்னா? அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வேல பேப்பர் எழுதறது. நீயே பேனாவ தொறந்து கையில குடுக்கற. நாங்க அடிக்கற அடில அவனுக்கு எழுத ஒரு வரி இருக்கக் கூடாதுண்ணா. சும்மா குந்து."

பின்னாடி கோமதி ஷூ லேசு கட்டிகினு இருந்தா. தல நிமிராமயே கேட்டா: "எத்தினி தபா?"

"நாலு"ன்னேன்.

"சரி."

மூணாவது குவார்ட்டர்ல மொத பந்து நமக்கு. கோமதி, ஷர்மிளா, மாத்தூர் பொண்ணு, மறுபடி கோமதி. பந்த மாத்தி மாத்தி குடுக்கறாங்க, ஒருத்தியும் கூடைய பாக்கல. அஞ்சு பேர் உதடும் ஆடுது. அவன் பொண்ணுங்க தொரத்துதுங்க. ஜனம் "எறி, எறி"ன்னு கத்துது. இருபத்தி நாலு, அலாரம். கோமதி பந்த தரைல வெச்சிட்டு பின்னால ஓடிப் பூட்டா.

அடுத்த பந்து, அதே மாதிரி. அதுக்கடுத்தது, அதே மாதிரி. கேலி பண்றாங்கன்னு அவன் ரெஃப்ரியாண்ட போயி கையக் கைய ஆட்டினான். பந்த எறியலன்னு எப்டிங்க புகார் எடுக்கறதுன்னாரு அவரு. நாலாவது தபா அலாரம் அடிச்சதும் ஷர்மிளா என் பக்கம் திரும்பி நாலு வெரலக் காட்டினா. அப்பதான் எனுக்குப் புரிஞ்சுது. நா திருடினத இவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. என் முட்டிய எடுத்து நாற்காலிக்கு அடில மடக்கிகினேன்.

அப்பால அடிச்சாங்க பாரு. நீ பாத்திருந்தா திட்டியிருப்ப, இவ்ளோ மூர்க்கமாவான்னு. ஜெயிச்சாச்சு, இனிமே மெதுவா ஆடலாம்னு இருக்கும்போது கூட உடல. கடைசி செகண்டு வரைக்கும் ஒரு பந்து சும்மா போவ உடல. ஒம்போது பாயிண்டு வித்தியாசம். யாரும் குதிக்கல, கட்டிப் புடிச்சுக்கல. வரிசையா வந்து அவனத் தாண்டிப் போனாங்க, ஒருத்தியும் கை குடுக்கல.

அவன் என்னாண்ட வந்தான். "கப்ப மேடத்துக்கு சமர்ப்பணம் பண்ணிடுங்க தம்பி. பெரிய மனசு அவங்களுக்கு."

"சார், கோமதியோட ரெஜிஸ்டர் போட்டோ இன்னும் உங்க போன்ல கீதா?"ன்னு கேட்டேன்.

அவன் கை பாக்கெட்டுக்குப் போச்சு.

எண்ணூர் எச்.எம். எழுதிக் குடுத்துட்டாங்க, அவன் வந்ததையும் போட்டோ எடுத்ததையும். கோமதியும் எழுதிட்டா. திங்கக்கெழம கமிட்டில விசாரண. அதோட நானும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேன், மொத பாதில நா பண்ணத. இனிமே என்ன எந்த டேபிளுலயும் குந்த வெக்க மாட்டாங்க. போவட்டும். அவன் கண்டுபுடிச்சி எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிட்டேன், அவனுக்குன்னு ஒரு வரி கூட வெக்கல. பொண்ணுங்களாண்ட கேட்டுட்டுத்தான் பண்ணேன். "நாலுக்கு நாலு. வீடியோ கீது, எண்ணிக்கட்டும்"ன்னா ஷர்மிளா.

அதுலேர்ந்து அவன் போன் பண்ணிகினே கீறான். மொத நாளு தம்பின்னான், அடுத்த நாளு சார்ன்னான். "ரூல்ஸ்ல இடம் இருந்துச்சு, கேட்டேன். லாரி வரும்னு எனக்கு எப்டி சார் தெரியும்?"ன்னான். "லாரி தெரியாது. வயசு தெரியும்ல"ன்னு சொல்லி வெச்சிட்டேன். நேத்து அவன் வூட்டம்மா பேசினாங்க. பையன் படிக்கிறான், இந்த வேல போனா ஒண்ணும் இல்லன்னாங்க. நல்ல கொரலு நிம்மி. நல்லவங்களாத்தான் இருப்பாங்க.

போன சனிக்கெழம மாத்தூர் ஸ்கூலு. யாரும் கூப்புடாம பொண்ணுங்க தானா வந்துட்டாங்க. நானும் போயி நின்னேன். உன் எடத்துல யாரும் நிக்கல, சுத்தி ஓடினாங்க. சின்னப் புள்ளைங்க செவுத்தோரமா குந்தி எண்ணிச்சுங்க. நீ கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப? உட்டுடுய்யான்னா? தெரியல. நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

திங்கக்கெழம நா போறேன், மொத நாற்காலில குந்துவேன். இனிமே ஒரு பொண்ணு வயசு மேல, ஒரு பொண்ணு ஸ்கூலு மேல அவன் கையெழுத்து போட முடியாம பண்ணாம எழுந்திரிக்க மாட்டேன். மன்னிப்பு கேட்டா உன்னாண்டதான் கேக்கணும். உன் சார்புல குடுக்கறதுக்கு என்ன நீ சொல்லிட்டுப் போவல.

இதோ, மறுபடி அடிக்குது. அவன் நம்பருதான். எடுத்தா அழுவான். அவன் அழுதா நானும் அழுதுடுவேன், அழுதா இந்தக் கோவம் எறங்கிடும். திங்கக்கெழம வரைக்கும் எனுக்கு அது வேணும் நிம்மி.

போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டேன்.

உன் வூட்டுக்காரன்,
பிரபு