பொறாமைக்காரன் பெண் கொடுத்தான்

என் அருமை மதலேனுக்கு,

முத்தியால்பேட்டை வீட்டில் இப்போது நானும் நம் மகள் பிலோமினாவும்தான். அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு மாலை ஜெபத்துக்குப் போயிருக்கிறாள், உன்னைப் போலவே. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நீ இருந்தபோது சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்வேசுரன்மேல், அந்த ஆண்டவர்மேலேயே பொறாமை. பிள்ளை உண்டானதை எனக்கு முன்னால் மாதாவிடம் போய்ச் சொன்னவள் நீ. கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பூசை முழுக்க உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளாவது திரும்பினாயா? நான் வேலை பார்த்த மில் மூடிக்கிடந்தபோது கடற்கரையில் மூட்டை தூக்கி அரிசி கொண்டுவந்தவன் நான். நன்றியெல்லாம் அவருக்குப் போயிற்று. "அவரு பாத்துக்குவாரு, நீங்க சாப்புடுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளுவாய்.

கடைசி நாளிலும் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். நீ பார்த்துக்கொண்டிருந்தது சுவரிலிருந்த சிலுவையை. பயமே இல்லாத அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த நிம்மதியை என்னால் ஏன் உனக்குத் தர முடியாமல் போயிற்று?

இப்போது பெண்ணும் கன்னியர் மடத்தில் சேரவேண்டும் என்கிறாள். நம் கோயில் பங்குச் சாமியார் என் சம்மதம் கேட்டு ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டேன். உன்னைத்தான் சர்வேசுரன் கொண்டுபோனார், இவளையும் கொடுக்க நான் என்ன ஏமாளியா? அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. நேற்று சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க வேணான்னா நான் போவலப்பா. ஒங்களோடவே இருந்துடறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"ஒங்க மனசயும் அவருதானப்பா செஞ்சாரு. அவருக்குத் தெரியும்" என்றாள்.

உன் பேச்சேதான் அது. இன்று காலை சாமியாரிடம் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மடத்துக் கன்னியரை அவருடைய மணவாட்டிகள் என்பார்கள். அப்படியானால் இத்தனை வருஷம் நான் மல்லுக்கு நின்றவர் எனக்கே மாப்பிள்ளை! மாப்பிள்ளையிடம் மாமனார் முறைத்துக்கொள்ள முடியுமா? நடுத்தெருவில் நின்று சிரித்தேன், கண்ணும் கலங்கிவிட்டது.

பொறாமை தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னைப் போல அவரை நம்ப எனக்கு இன்னும் வரவில்லை. நீ நம்பினவர் என்பதற்காகப் பெண்ணைக் கொடுக்கிறேன். அவளை அழுகையோடு அனுப்ப மாட்டேன், நானே மடத்து வாசல்வரை கூட்டிப்போய் விடுவேன். இது சத்தியம்.

ஊரில் பெண் கொடுத்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வருவார்கள். இந்தச் சம்பந்தத்தில் நான்தான் நீ இருக்கும் அவர் வீட்டுக்கு வரவேண்டும். வருகிறேன், மதலேன். உன் பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போட்டு வை.

உன் புருஷன், அவருக்கு மாமனார்,
அந்துவான்