எதுவும் சேர்க்காத முறுக்கு

காறல் வாடை அடிக்கிறது. அலமாரியில் உன் சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த முறுக்குப் பாக்கெட்டை இன்று காலை பிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ பிழிந்து சுட்டு, நீயே சீல் வைத்தது. உன் கைப்பண்டம் என்று வீட்டில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். கெடாமல் இருக்கும் என்று எதை நம்பி வைத்தேனோ. முறுக்கு விற்றே பிழைத்தவனுக்கு இந்த அறிவு.

கம்பைநல்லூர்க் கடைகளுக்கு நாம் சரக்குப் போட ஆரம்பித்த புதிதில், ‘ரசாயனம் சேர்க்காதது’ என்று பச்சை ஸ்டிக்கர் அடித்துப் பெருமையாக ஒட்டினோம். ஒருநாள் காலி பாமாயில் டின்னைக் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாய்.

“ஏங்க, இதுல ஆன்டிஆக்சிடன்ட் முந்நூத்திப் பத்தொம்பதுன்னு போட்டிருக்குது. நாம போடலைன்னாலும் எண்ணெயிலயே இருக்குதே. ஊருக்கெல்லாம் பொய்ய ஒட்டிட்டு இருக்கறம்.”

“டின்ன யாரு படிக்கப் போறாங்க?”

“நான் படிச்சிட்டனே.”

உரிமம் புதுப்பிக்கத் தர்மபுரி போனபோது அங்கிருந்த அதிகாரியை நீ லேசில் விடவில்லை. பஸ்ஸில் எனக்குப் பாடம் எடுத்தாய்: “வெசமெல்லாம் இல்லீங்களாம். காத்து பட்டு எண்ணெய் கெடறதுக்குள்ள இது முன்னால போயி அடி வாங்கிக்குதாம். இவ்வளவுதான் போடணும்னு சட்டத்துல அளவு இருக்குது. ஆனா இருந்தா இருக்குதுன்னு சொல்லணும்.”

அன்று மாலையே உட்கார்ந்து ஸ்டிக்கரையெல்லாம் உரித்தாய். பிறகு செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினோம். சீக்கிரம் காறிப்போகும் என்று கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். “கொஞ்சமா சுட்டு வெரசா வித்துடலாங்க” என்று பேச்சை முடித்துவிட்டாய்.

அந்த முடிவில் எனக்கு எப்போதும் கர்வம்தான். இன்றைக்கு மட்டும் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்த முந்நூற்றுப் பத்தொன்பதில் ஒரு சிட்டிகை இருந்திருந்தால் இது இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருந்திருக்குமே. சண்டை போடலாமென்றால் நீ இல்லை. தாங்க முடியவில்லை எனக்கு.

“அப்பா, கொட்டிடுங்க. வயித்துக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். கொட்டுவதற்கு முன் ஒன்றை எடுத்துத் தின்றேன். நாக்கெல்லாம் கசந்தது. உப்பு மட்டும், நீ போடுகிற அளவில் அப்படியே இருந்தது. வாய் கொப்பளிக்க மனம் வரவில்லை.