எண்ணெய் குடித்த மர வளைவு

அன்புள்ள இராசலட்சுமி,

நானும் என் தொந்தியும் நலம். உன் முழங்கால் எப்படி? இனி எழுதப்போவதை யாழ்ப்பாணமே நம்பாது, இது சத்தியம்.

கீழ்வீட்டு ஜெர்மன்காரி ஹில்டா, நத்தார்ப் பண்டிகைக்கு யன்னலில் மெழுகுதிரி ஏற்றும், சின்ன மர உருவங்கள் நிற்கும் தன் மர வளைவை இரவல் தந்தார். "உன்ரை மனுசிக்கு விசா கிடைக்குமட்டும் ஏத்து" என்றார். நான் கார்த்திகை விளக்கீட்டன்று மெழுகுதிரிக் குழிகளில் எண்ணெய் வார்த்துத் திரி போட்டேன். மரத்தில் ஊறிய எண்ணெய் பற்றி, தீ வானத்தைத் தொட்டது! இந்த டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகக் கப்பல்களெல்லாம் கலங்கரை விளக்கென்று திரும்பின!

ஓடிவந்து தீயை அணைத்த ஹில்டா, "வளைவு யன்னலிலையே இருக்கட்டும் தம்பி, உன்ரை மனுசி வரவேணுமெல்லே" என்றார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

மிளகாய்த்தூளும் உன் புதுப் படமும் அனுப்பு. பஸ் வருகிறது.

உன் சிவபாதம்

பி.கு.: கப்பல், வானமெல்லாம் புளுகு. ஹில்டாவின் தகப்பன் செதுக்கிய சின்ன மரப்பெண் கருகியது மட்டும் உண்மை.