தீ மிதிக்கச் செல்ல விசா வேண்டி

அனுப்புநர்:
தையல்நாயகி (வயது 49),
க/பெ. கலியமூர்த்தி,
திரௌபதியம்மன் கோயில் தெரு,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
விசா பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்,
பிரெஞ்சுத் துணைத் தூதரகம்,
புதுச்சேரி.

பொருள்: ரெயூனியோன் தீவுக்குச் செல்ல நான் கொடுத்த விசா விண்ணப்பத்தை, பயண நோக்கம் ‘தீ மிதித்தல்’ என்று எழுதிய காரணத்துக்காக விண்ணப்பம் வாங்கும் மையத்தார் இருமுறை திருப்பித் தந்தது – அதைத் தாங்களே வாங்கிப் பரிசீலிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் நேரம் பெரியது என்று தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தைச் சுருக்கிச் சொன்னால் பைத்தியக்காரி பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. மையத்தில் சுருக்கித்தான் சொன்னேன், அதன் பலனைத்தான் அனுபவிக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி தயாரிக்கும் கம்பெனியில் மெஷின் பார்க்கிறேன். என் கணவர் மில் மூடும்வரை மில்லில் இருந்தவர், இப்போது காவலாளி. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்ப்பதோடு சரி. வெளிநாட்டில் போய் நின்றுவிடும் ஆசை எனக்கு இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். என் மூடி மெஷினை வேறொருத்தி கையில் விட்டால் அது தகராறு செய்யும், நான் திரும்பித்தான் ஆக வேண்டும்.

2. எங்கள் தெருக் கோயிலில் ஆடி மாதம் தீமிதித் திருவிழா நடக்கும். தீ மிதிப்பவர்கள் பதினெட்டு நாள் முன்னதாகக் கையில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொள்வோம். காப்புக் கட்டியவர் பொய் சொல்லக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டும் எங்களிடம் கண்டிப்பு. நான் அந்த நாட்களில் வேலைக்கும் லீவு சொல்லிவிடுவேன்.

3. தாங்கள் தீமிதியை நேரில் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. கட்டைகளை அடுக்கி எரித்து, கங்காக்கி, குழி நிறையப் பரப்பிவிடுவார்கள். பத்தடி தள்ளி நிற்பவர்களே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். குழிக்கு அந்தப் பக்கம் அம்மன் நிற்பாள், இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். நான் ஏழு தடவை இறங்கியிருக்கிறேன். ஏழு தடவையும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நடந்தேன் என்பதே தெரிந்தது. அது எப்படி நடக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

4. போன வருடம் ஆடியில், தீமிதி அன்று சாயங்காலம், நோணாங்குப்பத்தில் படகுச் சவாரி முடித்துத் திரும்பிய ஓர் ஆட்டோ எங்கள் தெருமுனைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர் ஜோஸ்லின் அமவாசி என்ற பெண்மணி. ரெயூனியோன் தீவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர், சுற்றுலாவுக்காக வந்தவர். பார்த்தால் எனக்குப் பெரியம்மா மகள் என்று சொல்லலாம், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. ஆட்டோ நகராததால் இறங்கி வந்து, பெண்கள் பக்கத்தில் எனக்கு அருகில் நின்றார். அவருடைய முன்னோர் ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

5. குழியில் இறங்குமுன் எங்கள் தெருப் பெண்கள் ஒரு பாட்டுப் பாடுவோம். “பூத்துக் கெடக்குதடி நெருப்பு, பொறுத்து வாடி எம் மகளே, அக்கரையில நானிருக்கேன்” என்று வரும். அம்மன் சொல்வதாகப் பாட்டு. எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் இதை நான் கேட்டதில்லை. நாங்கள் முதல் வரியை எடுத்ததும் என் பக்கத்தில் நின்ற இந்த அம்மாள் இரண்டாம் வரியைப் பாடினார். ராகம் அப்படியே இருந்தது. வார்த்தைகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எங்கே முடிகிறது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் வந்தன. ஆனால் ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கள் வரிசையில் ஒவ்வொருத்தியாகப் பாடுவதை நிறுத்திவிட்டோம். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை பாடினார்.

6. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்ற விஜயராகவன் ஐயா எங்கள் தெருவில் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்து பேசச் சொன்னோம். ஜோஸ்லின் வீட்டில் அது தாலாட்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பாடுவார்களாம், அர்த்தம் யாருக்கும் தெரியாதாம். அவருடைய மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தபோது, கதவுக்கு வெளியே நின்று அந்த ஒரு பாட்டையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாராம். பிள்ளை பிழைத்துவிட்டது. இது நெருப்பில் இறங்கும் பெண்ணுக்கு அம்மன் சொல்லும் பாட்டு என்று விஜயராகவன் ஐயா விளக்கியதும் அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவில் அழாதவர் ஒருவரும் இல்லை. சொல்தா ஐயா உட்பட.

7. எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. உறவு உண்டு என்று காட்ட என்னிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை. இல்லை என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. ‘ஒரே பாட்டு’ என்று எழுதச் சொன்னேன். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிய என் மகள் சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டு ‘தோழி’ என்று போட்டாள். அதுவும் பொய்யில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

8. அந்தத் தீவிலும் தீமிதி உண்டு என்றும், காப்புக்கு அங்கேயும் காப்பு என்றே பெயர் என்றும், பாஞ்சாலியைத்தான் அவர்கள் பாந்தியாலே என்று கூப்பிடுகிறார்கள் என்றும் ஜோஸ்லின் சொல்லித் தெரிந்துகொண்டேன். அத்தனை தண்ணீரைத் தாண்டி, பேச்சு மறந்து, பேர் திரிந்து, ஆனால் காப்பு அவிழவில்லை பாருங்கள்! மகள் பிழைத்ததற்குத் தானும் தீ மிதிப்பதாக அவர் இங்கேயே எங்கள் அம்மன் முன்னால் வேண்டிக்கொண்டார். அங்கே கரும்பு வெட்டு ஓய்ந்த பிறகு, வரும் ஜனவரி நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை தீமிதி. அவர் இதுவரை குழியில் இறங்கியதில்லை. பயப்படுகிறார். இந்த ஒரு வருடமாகப் போனில் பேசிப் பேசி எங்கள் பேச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டவர், “நாயகி, நீ வா. நீ பக்கத்துல இருந்தா எறங்குவேன். இல்லன்னா கால் வராது” என்கிறார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதுதான் என் பயணத்தின் நோக்கம், வேறு நோக்கம் எதுவும் இல்லை.

9. இனி என் புகாருக்கு வருகிறேன். ஜோஸ்லின் தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், முத்திரை வாங்கி அனுப்பிய அழைப்புக் கடிதம் இந்த வருடம் ஆடியில், என் கையில் காப்பு இருந்தபோது வந்து சேர்ந்தது. அன்றே விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். பயண நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கையில் காப்பை வைத்துக்கொண்டு நான் எப்படிப் போடுவேன்? ‘தீ மிதிக்க’ என்று போடச் சொன்னேன். காப்பு அவிழ்த்த பிறகு மையத்துக்கு எடுத்துப்போனேன். பாரிசுக்குப் போகிற விசா அந்தத் தீவுக்குச் செல்லாது, அதற்குத் தனியாக எழுதி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே பொறுமையாகத்தான் சொன்னார்கள். போட்டோ, சம்பளச் சான்று, லீவுக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் சரி என்றார்கள். மருத்துவக் காப்பீட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

10. காப்பீட்டுக் கம்பெனியில், ஆபத்தான விளையாட்டுகளில் ஈடுபடுவீர்களா என்று ஒரு கேள்வி. விளையாட்டு இல்லை, தீ மிதிப்பேன் என்றேன். அங்கிருந்த பெண் மலையேறுதல், பாராசூட்டில் குதித்தல் என்று திரையில் தேடிப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நெருப்புல நடக்கறதுக்கு ஆப்ஷனே இல்ல” என்றாள். இன்னொரு கம்பெனியில் என்னை மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களை அப்போதே நாலு வார்த்தை கேட்டுவிட்டேன், இங்கே எழுதவில்லை. கடைசியில் ஒரு கம்பெனி, தீயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பீடு தந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால், நோக்கமே தீயாக இருக்கும்போது அதை விட்டுவிட்ட காப்பீடு செல்லாது என்று மையத்தார் விண்ணப்பத்தைத் தங்கள் பார்வைக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டார்கள். கார்த்திகையில் மறுபடி போனேன், மறுபடியும் அதேதான்.

11. மையத்தின் வாசலில் விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா இப்பிடி கஷ்டப்படற? டூரிஸ்ட்னு மாத்திப் போட்டா முடிஞ்சிபோச்சி. காப்புதான் அவுத்துட்டியே, இப்ப பொய் சொன்னா என்னா?” என்றார். கட்டியிருந்தபோது எழுதின உண்மையை அவிழ்த்த பிறகு அடித்துவிட்டால், நான் கட்டினது காப்பா, வெறும் துணியா? இதை அவரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

12. அந்தத் தீமிதியில் இறங்க நானும் இங்கிருந்தே காப்புக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டினால் எல்லை தாண்டக் கூடாது. இந்தச் சிக்கலை எங்கள் பூசாரி ஆதிமூலம் அவர்களிடம் சொன்னேன். ஜோஸ்லின் அந்தப் பாட்டைப் பாடியதைப் போனில் ஒரு முறை போட்டுக் கேட்டார். பிறகு கற்பூரம் காட்டிவிட்டு, “அம்மன் பாட்டு எதுவரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் அவ எல்லதான். நீ தாண்டல. தைரியமா போயிட்டு வா” என்றார். எங்கள் ஊரில் இப்படி ஒரு தீர்ப்பு இதற்கு முன் சொல்லப்பட்டதில்லை.

13. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: என் விண்ணப்பத்தைத் தாங்களே நேரில் வாங்கிப் பார்க்க வேண்டும். தீ நீங்கலாக உள்ள காப்பீட்டை ஏற்க வேண்டும். அந்த நெருப்பில் எனக்கு ஏதாவது ஆனால் அதன் செலவும் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டு இணைத்திருக்கிறேன், என் கணவரும் மகளும் சாட்சிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மறைக்கக் கூடாது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஏழில் ஒரு தடவை எனக்கு இடது பாதத்தில் கொப்புளம் வந்தது. மஞ்சள் பூசினேன், ஆறிவிட்டது. தாங்கள் நேரில் அழைத்து விசாரித்தால் எந்த நேரமும் வரச் சித்தமாக இருக்கிறேன். நாட்கள் மிகக் குறைவு என்பதையும், நான் போகாவிட்டால் அவர் குழியோரத்தில் தனியாக நிற்பார் என்பதையும் தயவுசெய்து கருத வேண்டும்.

14. மேலே எழுதியவை அனைத்தும் உண்மை என்று தனியாக உறுதிமொழி எழுத வேண்டும் என்றாள் என் மகள். எழுதவில்லை. இன்று காலை கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்துதான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். அங்கே ஜோஸ்லினும் இன்றே கட்டிக்கொண்டார். போனில் ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டோம். இரண்டும் ஒரே மஞ்சள்.

15. எங்கள் எல்லை எனக்கு வழி விட்டுவிட்டது ஐயா. இனித் தங்கள் எல்லை ஒன்றுதான் பாக்கி.

நாள்: 18.12.2025
இடம்: முதலியார்பேட்டை, புதுச்சேரி

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
க. தையல்நாயகி

இணைப்பு: மேரி முத்திரையிட்ட அழைப்புக் கடிதம், மையத்தார் திருப்பிய விண்ணப்பம், காப்பீட்டுத் தாள், பொறுப்பேற்புக் கடிதம்.

குறிப்பு: தாளின் இடது ஓரத்தில் பட்டிருக்கும் மஞ்சள் கறைக்கு மன்னிக்கவும். எழுதும்போது தாளைப் பிடித்திருந்த கையில் காப்பு இன்னும் ஈரமாக இருந்தது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றாள் மகள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.