எங்கே போனாலும் எழுதலாம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.6.2025

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மகள் வர்ஷிகா மூவரும் நலம், என் முழங்கால் மட்டும் அவ்வப்போது லீவு கேட்கிறது. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நாம் பேசும்போது பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எதிர்வீட்டு விக்னேஷ்வரன் அங்கே கிளம்புகிறான் என்றதும் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

வர்ஷிகாவை இங்கே ஒன்பதாவதில் சேர்க்க, நீங்கள் சொன்னபடி போன வாரம் இரண்டு பள்ளிக்கூடமும் பார்த்தோம். முதலில் ராஜபாளையம் பக்கத்து இன்டர்நேஷனல் பள்ளி. ஏசி ரூமில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். பத்தாவதில் வெளிநாட்டுப் பரீட்சை, பாடங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம், கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து வரும் என்று அங்கிருந்த மேடம் விளக்கினார். மார்க்குக்குப் பதில் எழுத்துதான் போடுவார்களாம். அம்மாவுக்கு அதுதான் ஆகவில்லை. எல்லாத்துக்கும் ஏ, பீன்னு போட்டா எம்பேத்தி எம்புட்டு மார்க்குன்னு தெருவில நான் என்னன்னு சொல்ல என்று அந்த மேடத்திடமே கேட்டுவிட்டாள். எனக்கோ பிடித்துப்போனது. போலீஸ் வேலையில் இங்கிலீஷில் ஒரு மெமோ வந்தால் ஸ்டேஷன் ரைட்டரைத் தேடி ஓடியவன் நான், பேத்தி அந்த மேடத்திடம் சரளமாகப் பேசப் பேச நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நம் ஊரில் அரசுப் பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள், முகம் சிவந்துவிட்டது. கணக்கு நன்றாக வருகிறது, தமிழை ஆறு மாதத்தில் பிடித்துவிடுவாள் என்று டீச்சர் தேற்றினார். இடைவேளையில் நாலு பிள்ளைகள் கோகோ ஆட இழுத்துப் போனார்கள், பாவாடையெல்லாம் செம்மண்ணாக வந்து நின்றாள்.

அன்று சாயங்காலம் ராஜபாளையம்தான் என்று என் முடிவைச் சொன்னேன். நாளைக்கே நீங்கள் நியூசிலாந்துக்கு மாறினாலும் படிப்பு தடைபடாது, அந்தப் பரீட்சையை எங்கே போனாலும் எழுதலாம், மாப்பிள்ளை சொல்வது சரிதான் என்றேன். அதற்கு வர்ஷிகா சொன்னாள்: "எங்கே போனாலும் எழுதலாம்னுதானே தாத்தா சொல்றீங்க, அதனாலதான் எனக்கு அது வேண்டாம். இங்கே மட்டும் எழுதுற பரீட்சைன்னா நடுவில யாரும் என்னைக் கூட்டிட்டுப் போக முடியாது." எட்டு வருஷத்தில் மாறிய நாலு பள்ளிகளையும் விரல் விட்டுச் சொன்னாள். கடைசிப் பள்ளித் தோழி அனுப்பிய மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லையாம், போட்டால் அழுகை வருமாம்.

தன் கட்சி ஜெயித்தது என்று அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "நம்ம பாண்டீஸ்வரிய அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றாள். கேட்கவில்லை. கூமாப்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் டிசியை வாங்கிக்கொண்டு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு புதுப் பள்ளியிலும் முதல் வாரம் உனக்குக் காய்ச்சல் வரும். ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்று மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். அது தண்ணீரால் வந்த காய்ச்சல் இல்லை என்பது அறுபத்தாறு வயதில்தான் எனக்குப் புரிகிறது. இதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் நீ சிரிப்பாய், பரவாயில்லை, கேட்கிறேன்.

மாப்பிள்ளை யோசித்ததிலும் தப்பில்லை, அவர் பிள்ளையை ரொம்ப நாள் பிரிந்திருக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறார். முடிவு உங்கள் இருவருடையது. இருபதாம் தேதிக்குள் ராஜபாளையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் வர்ஷிகாவிடம் நீ தனியாகப் பேசு, நாங்கள் மாடிக்குப் போய்விடுகிறோம். பரீட்சையைப் பற்றி எதுவும் கேட்காதேம்மா, விட்டுவந்த தோழி பெயர் என்ன என்று மட்டும் கேள்.

எந்தப் பள்ளியானாலும் அங்கத்து டிசியில் தூதரக முத்திரை வேண்டுமாம், மறந்துவிடாதே. பெரிய மாரியம்மன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் மேல் பிரியமுள்ள அப்பா,
சங்கையா