அப்பா பின்சீட்டில் உட்கார்ந்த நாள்

லேயர், ஜூலை 9

அன்பு மகள் இம்கேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம், முதலில் இதைப் படித்து மூச்சு விடு. நீயும் சுகம்தான் என்று நம்புகிறேன், வெலிங்டனில் இப்போது நல்ல குளிராமே, வேலைக்குப் போகும்போது கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு போகாதே. நாங்கள் இல்லாத இரண்டு வாரமும் உன் தம்பி ஐக்கே தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினானாம், பாதிச் செடி காய்ந்து கிடக்கிறது, நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்புமுன் நீ போனில் அப்பாவோடு சண்டை போட்டாயே, அறுபத்தெட்டு வயசுல ஆல்ப்ஸ்ல பைக் ஓட்டணுமா, கார்ல போங்கப்பா என்று, அவரும் போனை என்னிடம் நீட்டிவிட்டாரே, அது வழியெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆஸ்திரியா தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. ஸ்டெல்வியோ கணவாய் ஏறும்போதுதான் நடந்தது. நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் கல்லில் எண் போட்டிருக்கும், இருபத்தேழாம் எண்ணில் மேலேயிருந்து வந்த பஸ் எங்கள் பக்கம் முழுசையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. அப்பா பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார், வண்டி சரிந்தது, இரண்டு பேருமாக முட்டுக்கொடுத்து எப்படியோ விழாமல் ஓரத்தில் நிறுத்தினோம். பஸ் போய்விட்டது. அப்பா கையுறையைக் கழற்றினார், விரல்கள் நிற்காமல் நடுங்கின. என்னால முடியல தாலேயா என்றார். கப்பல் பட்டறையை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்குக்கூட அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

திரும்பிப் போகலாம் என்றால் ஏறுவதைவிட இறங்குவது மோசம். சாலையோரச் சுவரில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தோம். அப்புறம் நான், சாவியக் குடு என்றேன். நீ பிறப்பதற்கு முன்னால் நான் ஓட்டியவள்தானே, இந்த வசந்தத்தில் சந்தை மைதானத்தில் மறுபடி பழகினேன், உன்னிடம் சொன்னால் என்னோடும் சண்டைக்கு வருவாய் என்று சொல்லவில்லை. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மைதானத்துல ஓட்டினே சரி, அங்க பள்ளம் கெடையாதே என்றார். பள்ளத்த நான் பாக்கப் போறதில்ல, நீ பாரு என்று சொல்லி முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. முதல் கியரில் ஊர்ந்து, போக வேண்டிய இடத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகக் கடந்தேன். அப்பா பிடித்த பிடியில் என் இடுப்பு மறுநாள் கன்றிப்போயிருந்தது. ஐந்தாறு வளைவு தாண்டியதும் பிடி தளர்ந்தது. என் காதோரம் குனிந்து, தாலேயா, ஐஸ் நீலமா இருக்கு என்று கத்தினார். நான் திரும்பவில்லை, சொல்லிக்கிட்டே வா என்றேன். உன் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவார் என்று உனக்குத் தெரியும், அந்த மனுஷன் உச்சி வரைக்கும் நிறுத்தவே இல்லை. மேகத்துக்குள்ளேருந்து மலை வெளிய வருது, அருவி விழுது ஆனா சத்தமே கேக்கல, நாம ஏறி வந்த ரோடு அவிழ்ந்த நூல் மாதிரி கெடக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கத்த ஆரம்பித்தவர் கடைசி வளைவுகளில் சர்ச்சுக்குள் பேசுகிற மாதிரி பேசினார், ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூட நான் தவற விடவில்லை.

உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை இம்கே, ஒரு கழுகு எங்களுக்குக் கீழே பறந்துபோனது, அதன் முதுகைப் பார்த்தேன், அதற்கும் கீழே அத்தனை ஆழம். எதிரே பனி மலை, அதன் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் இருப்பதே ஒரு பொருட்டில்லை, ஆனால் அது எனக்கு வருத்தமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, முப்பத்தாறு வருஷமா எங்கெங்கயோ சுத்தியிருக்கோம், நான் பாத்ததெல்லாம் ரோடுதான், நீ இதையெல்லாமா பாத்துட்டு வந்தே, ஒரு தரம்கூட சொல்லலையே என்றார். சொன்னேன், ஒவ்வொரு மலையிலயும் சொன்னேன், காத்துல உனக்குக் கேக்கல என்றேன்.

மிச்சமிருந்த கணவாய்களில் நானே ஓட்டினேன், சமதரையில் அவர். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். கை நடுங்கியதை அவராகச் சொன்னால் ஒழிய நீ அந்தப் பேச்சை எடுக்காதே. மலை எப்படி இருந்தது என்று மட்டும் கேள், ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேள். நீ எங்கிருந்தாலும் நல்லபடியாக இரு, எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு.

உன் அம்மா,
தாலேயா