ரக்கேலின் நீலம்

ஓஸ்பி,
2 செப்டம்பர் 1991

அன்புள்ள தங்கை ரக்கேலுக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுற்றி வளைத்து எழுதுகிறேன் என்று நீ குறைப்படுவதால், சொல்ல வருவதை முதலிலேயே எண்ணிட்டு வைக்கிறேன்.

1. கைவினைக் கழகம் என்னிடம் கேட்டிருப்பது.
2. நான் செய்த சோதனையும் அதன் முடிவும்.
3. நான் எழுதித் தர வேண்டிய பதில்.
4. உன் நேர்மையில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை என்பது.

முதலாவது. இலையுதிர்காலக் கண்காட்சியில் நீ வைக்கவிருக்கும் நீலச் சால்வை காட்டுக் காளானில் சாயமேற்றியதுதான் என்று எங்கள் காளான் சங்கம் சான்று தர வேண்டுமாம். சங்கத்தின் செயலாளர் நான் என்பதால் கடிதம் என்னிடம் வந்தது. சான்று இல்லையென்றால் சால்வையை இறக்கிவிடுவார்கள். கடைச் சாயத்தைக் காட்டுச் சாயம் என்று சொன்னவள் என்ற பேர் உனக்கு நிற்கும்.

இரண்டாவது. நீ சொன்ன அதே முள்காளான்தான்: தொப்பியின் மேல் கூரை ஓடு அடுக்கியதுபோலச் செதில், அடியில் மடிப்புகளுக்குப் பதிலாக நெருக்கமான மென்முள். முற்றிக் கறுத்ததாகவே பறித்தேன். காயவைத்து, எடைபோட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் வேகவைத்து, அம்மோனியா விட்டு, படிகாரத்தில் ஊறிய கம்பளியை இட்டேன். மூன்று முறை செய்தேன். இடையில் தராசையும் சோதித்தேன். மூன்று முறையும் காபிப் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம்தான்.

மூன்றாவது. கண்டதைத்தான் எழுத முடியும். கண்காட்சி நாளான இருபத்தெட்டாம் தேதி ஊர் மன்றக் கூட்டத்தில் என் பதிலை வாசிப்பார்கள். உன் செம்புப் பானையில் பழைய அவுரிச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்குமோ? கோபப்படாதே, கேட்டுவைக்கிறேன்.

நான்காவதைப் பற்றி மேலே எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உன் அண்ணன்,
அல்கோட்

தால்மூ,
6 செப்டம்பர்

அண்ணா,

முழங்கால் இருக்கிறது. பானையும் இருக்கிறது. அதில் அவுரி ஒருநாளும் இறங்கியதில்லை. மணலும் சாம்பலும் போட்டு நானேதான் தேய்க்கிறேன்.

நேற்று கூட்டுறவுக் கடையில், ரொட்டி வாங்க நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, உங்கள் சங்கத்துக்கு வந்துபோகும் எங்கள் ஊர் ஸ்வேயா கேட்டாள்: "ஏன் ரக்கேல், உங்க அண்ணனே மூணு தடவ வேகவச்சுப் பாத்தாராமே, ஒண்ணும் வரலையாமே?"

"எங்க அண்ணன் உருளைக்கிழங்கு வேகவச்சாலே கறுத்துப்போகும் ஸ்வேயா. அது கிழங்கோட குத்தமா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சால்வையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏரியில் அக்டோபர் மாதம் தெரியும் நிறம் நூலில் வர வேண்டும் என்று பதினோரு வருஷம் அடுப்படியில் நின்றேன். வந்தது. இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு நீலம் வேறு யாரிடமும் இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இத்துடன் ஒரு பை காய்ந்த காளான் அனுப்புகிறேன். நீயே வேகவைத்துப் பார். எங்கே பறித்தேன் என்று மட்டும் கேட்காதே. அம்மா சாகக் கிடந்தபோதுகூடத் தன் மஞ்சள் காளான் இடத்தை நம்மிடம் சொல்லவில்லை. "தேடிக்கங்க, கால் இருக்கில்ல?" என்றாள். நான் அவள் மகள்.

ரக்கேல்

ஓஸ்பி,
14 செப்டம்பர்

அன்புள்ள ரக்கேலுக்கு,

கேட்கமாட்டேன். இடத்தைக் கேட்கும்படி நம்மை யாரும் வளர்க்கவில்லை. நானும் என் இடத்தை உனக்குச் சொன்னதில்லை.

ஆனால் வேகவைக்கும் முன் வழக்கம்போலக் காளானைச் சுத்தம் செய்தேன். முட்களுக்கிடையே ஊசியிலைகள் சிக்கியிருந்தன. நீளமானவை, இரண்டிரண்டாகச் சேர்ந்தவை. பைன். வறண்ட மேட்டில் வளரும் வெள்ளைப்பாசியின் துணுக்கும் இருந்தது. என் பையில் மிஞ்சியதைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தேன். குட்டை ஊசிகள், ஒற்றை ஒற்றையாக. ஸ்புரூஸ் மரம். நாற்பது வருஷம் பள்ளிக் கரும்பலகையில் இந்த இரண்டு ஊசிகளையும் வரைந்து காட்டியவன் நான்.

பிறகு வேகவைத்தேன். நீலம். விளக்கு ஏமாற்றுகிறதோ என்று ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலம்தான்.

பைனுக்கு அடியில் வருவதும் ஸ்புரூசுக்கு அடியில் வருவதும் ஒரே காளான் என்று முப்பத்தொரு வருஷமாகச் சங்கப் பட்டியலில் எழுதிவந்திருக்கிறேன். அப்படி இல்லை போலிருக்கிறது. சான்றை இன்றே எழுதித் தபாலில் கழகத்துக்கு அனுப்பிவிடட்டுமா?

உன் இடத்தைப் பாதி தெரிந்துகொண்டதற்கு மன்னித்துக்கொள்.

அல்கோட்

தால்மூ,
18 செப்டம்பர்

அண்ணா,

இந்த மாவட்டத்தில் பாதி பைன் காடுதான். தேடிக்கொண்டே இரு.

தபாலில் வேண்டாம். ஸ்வேயா சொன்னதை நான் கடை வரிசையில் நின்று கேட்டேன். நீ ஊர் மன்றத்தில் நின்று சொல்ல வேண்டும், பட்டியல் தவறு என்பதையும் சேர்த்து. கூட்டத்தில் எழுந்து பேசுவது உனக்கு ஆகாது என்று தெரியும். மேசையைப் பிடித்துக்கொள்.

நான் வரமாட்டேன். வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாய். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசு.

ரக்கேல்

ஓஸ்பி,
29 செப்டம்பர்

அன்புள்ள தங்கைக்கு,

பேசிவிட்டேன்.

அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நடுமேசையில் பச்சைப்பாசி விரித்துக் காளான்கள், ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. தாளை மேசைமேல் வைத்து, குனிந்தபடியே வாசித்தேன். சங்கத் தலைவர் இங்வே பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "சத்தமா அல்கோட். காளானுக்குத்தான் காது இல்ல, எங்களுக்கு இருக்கு."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். என் பழுப்பு நூலையும், உன் காளானில் நான் தோய்த்த நீல நூலையும் அருகருகே தொங்கவிட்டேன். ஊசியிலைகளை இரண்டு தட்டுகளில் வைத்துக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னேன்.

"அப்போ முப்பது வருஷமா நம்ம பட்டியல் தப்பா?" என்றார் இங்வே.

"முப்பத்தொண்ணு."

"எழுதினது யாரு?"

"நான்தான். கண்டுபிடிச்சது என் தங்கச்சி. அவ பைனுக்கு அடியில மட்டும்தான் பறிப்பா. சொன்னா இடம் தெரிஞ்சிடும்னு அவ சொல்லல. கேட்டா மரியாதை இல்லைன்னு நான் கேக்கல."

"அது சரி, எந்தப் பைனு?"

"அதையும் நான் கேக்கல," என்றேன்.

மன்றமே சிரித்தது, பிறகு கைதட்டியது. அது எனக்கான கைதட்டல் இல்லை என்று தெரிந்தது. அதனாலேயே நிமிர்ந்து நின்று கேட்க முடிந்தது.

ஸ்வேயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடும்வரை உன் சால்வைக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நகரத்திலிருந்து வந்தவர்கள் கிட்டே போனால், "கைய எடுங்க. இது எங்க ரக்கேலோட நீலம்," என்றாள்.

பழைய சீட்டைக் கிழித்துப்போட்டு இரண்டு சீட்டுகள் எழுதினேன். இரண்டு காளானையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறேன். அங்கே என்ன சொல்வார்களோ தெரியாது. என் பட்டியலில் இனி இரண்டுதான்.

இன்னொன்று. முதல் கடிதத்தில் நான்காவதாக எழுதியது தவறு. மூன்றாம் முறையும் பழுப்பு வந்த அன்று, 'ரக்கேல் கடைச் சாயம் கலந்திருக்கிறாள்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். பென்சிலால் இல்லை, மையால். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். குறிப்பேட்டை இத்துடன் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. என்ன செய்வது என்பதை நீயே முடிவுசெய்.

அல்கோட்